நின்றால் ஏர், நகர்ந்தால் விண்டா?

ஆசிரியர் அறைகளிலும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளிலும் நெடுநாளாகப் புழங்கும் கருத்து ஒன்று உண்டு. தமிழில் காற்று என்று ஒரே சொல்தான். ஆங்கிலக்காரனோ ஏர், விண்ட், பிரீஸ், டிராஃப்ட், கேல் என்று வகை பிரித்து வைத்திருக்கிறான். அந்த நுட்பம் நம் மொழியில் இல்லாததால்தான் பெரம்பலூர், அரியலூர்ப் பிள்ளைகள் மின்விசிறியிலிருந்து 'விண்ட்' வருகிறது என்று எழுதுகிறார்களாம். கூடவே ஒரு சூத்திரமும் சொல்லித்தருவார்கள்: நின்றால் ஏர், நகர்ந்தால் விண்ட்.

கொஞ்சம் யோசித்தால் தெரியும், மின்விசிறிப் பிழையை உண்டாக்குவதே இந்தச் சூத்திரம்தான். விசிறி சுற்றினால் காற்று நகர்கிறது. நகர்ந்தால் விண்ட். பிள்ளை சொன்னபடியே செய்திருக்கிறது. பழி மட்டும் தமிழுக்கு.

முதலில் 'ஒரே சொல்' என்பதைப் பார்ப்போம். அரசுப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்புத் தமிழ் நூலில் காற்றே தன் கதையைச் சொல்வதாக ஓர் உரைநடைப் பாடம் இருக்கிறது. கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், மேற்கிலிருந்து கோடை, வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல் என்று பிள்ளைகள் அதில் படிக்கிறார்கள். ஆனால் இந்தப் பட்டியலைக் காட்டி மார்தட்டுவதில் எனக்கு ஆர்வமில்லை. குன்னத்திலோ செந்துறையிலோ யாரும் வீட்டில் 'கொண்டல் வருது' என்று சொல்வதில்லை. 'காத்து' என்றுதான் சொல்கிறார்கள். வாதத்துக்கு அந்த ஒரு 'காத்தே' போதும்.

அந்தக் காத்தோடு என்ன வினை சேர்கிறது என்று கவனியுங்கள். ஜன்னலைத் திறந்தால் காத்து வருது. ஆடியில் காத்து அடிக்குது. திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் லாரியை ஓரம் கட்டினால் டயரில் காத்து இறங்கிருச்சு. பஞ்சர் கடையில் காத்து பிடிக்கணும். சாயங்காலம் ஏரிக்கரைக்குக் காத்து வாங்கப் போகிறோம், அங்கே காத்தாட உட்காருகிறோம். வயிறு உப்பினால் காத்துப் பிரியணும். குழந்தை பயந்து அழுதால் காத்து கருப்பு அண்டிவிட்டது என்பாள் பாட்டி. பெயர்ச்சொல் ஒன்றுதான். ஆனால் இவற்றில் ஒன்றை இன்னொன்றாக எந்தப் பிள்ளையும் குழப்பிக்கொள்வதில்லை. டயரில் காத்து அடிக்கிறது என்றால் காற்று நிரப்புகிறார்கள் என்றும், தெருவில் காத்து அடிக்கிறது என்றால் துணியை எடுத்து உள்ளே போடவேண்டும் என்றும் அதற்குத் தெரியும். ஆங்கிலம் பெயரில் வைத்திருக்கும் பிரிவைத் தமிழ் வினையிலும் இடத்திலும் வைத்திருக்கிறது. நுட்பம் இல்லை என்பது பார்க்கவேண்டிய இடத்தைப் பார்க்காதவர் பேச்சு.

ஆங்கிலம் கற்பிக்கவும் இதுவே நேர்வழி. பிள்ளையின் வினையிலிருந்து தொடங்கலாம். வெளியில் அடித்தால் விண்ட். இறங்கினால், பிடித்தால், அடைத்தால் ஏர். ஜன்னல் வழியாக இதமாக வந்தால் பிரீஸ். மூக்கு வழியாக வந்து போனால் பிரெத். முழுக்கப் பொருந்தும் என்று சொல்லமாட்டேன், ஆனாலும் 'நின்றால், நகர்ந்தால்' சூத்திரத்தைவிட எவ்வளவோ மேல்.

அந்தச் சூத்திரம் எங்கிருந்து வந்தது? அறிவியல் பாடத்திலிருந்து. நகரும் காற்றுக்கு விண்ட் என்று பெயர் என்று அங்கே வரையறை உண்டு. வானிலையைப் பற்றிய அந்தப் பாடத்துக்கு அது சரி. அன்றாட ஆங்கிலத்துக்கு அதைத் தூக்கிக்கொண்டு வந்தால் இடறும். செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டு வைப்பார்கள். தரையிலிருந்து உயர்த்தி, பக்கத்தில் இடைவெளி விட்டுக் கட்டிய அந்தப் பட்டறைக்குள் காற்று நாள் முழுக்க நகர்ந்துகொண்டே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் காய் அழுகிவிடும். அங்கே நகர்வது விண்டா? எந்த ஆங்கிலேயனும் அப்படிச் சொல்லமாட்டான். ஏர் என்பான், காற்றோட்டத்தை வென்டிலேஷன் என்பான். வெளியில், இயற்கையாக, ஒரு திசையிலிருந்து வீசுவதே பெரும்பாலும் விண்ட். விமானங்களைச் சோதிக்கும் விண்ட் டனல் போன்ற விதிவிலக்குகள் உண்டு. அங்கேயும் வெளிக்காற்றைப்போல ஒன்றைச் செயற்கையாக உண்டாக்குவதால்தான் அந்தப் பெயர். விசிறி தருவது ஏர், சுகமாக இருந்தால் பிரீஸ். ஏர் எண்ணமுடியாத பொருள் என்பதால் முன்னால் 'ஆன்' போடுவதில்லை. காற்றைக் குறிக்கும்போது பன்மையும் கிடையாது. 'ஏர்ஸ்' என்றால் நம்மூர்ப் பந்தாதான்.

அடுத்தது, பிரீஸ் என்றால் மெல்லிய காற்று, கேல் என்றால் பெருங்காற்று, மனப்பாடம் செய் என்பது. ஃபிரான்சிஸ் போஃபர்ட் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி 1805இல் காற்றின் வலுவை எண்ணால் குறிக்கும் அளவுகோல் ஒன்றை வகுத்தார். இன்று வழங்கும் அதன் வடிவத்தில் 2 முதல் 6 வரை எல்லாமே பிரீஸ். ஆறாம் எண் பிரீஸ் மணிக்கு 39 முதல் 49 கிலோமீட்டர். குடையைப் பிடிக்கவே திணறவேண்டும். அம்மியைப் பறக்கவிடாவிட்டாலும் நம் ஆடிக்காற்றுக்கு அது இளைத்ததில்லை. கேல் தொடங்குவது 62 கிலோமீட்டரில். இந்திய வானிலை ஆய்வுத் துறை வங்கக்கடல் தாழ்வு மண்டலத்தைப் புயல் என்று அழைக்கத் தொடங்கும் வேகமும் ஏறக்குறைய அதுவே. அந்தப் புயலைக் குறிக்கும் 'சைக்ளோன்' என்ற சொல்லே ஹென்றி பிடிங்டன் என்பவர் கல்கத்தாவில் இருந்துகொண்டு 1840களில் கிரேக்கத்திலிருந்து உருவாக்கியது. 'மான்சூன்' அரபியிலிருந்து போனது. காற்றுக்கெல்லாம் பெயர் வைத்திருந்த மொழி என்று நாம் வியக்கும் ஆங்கிலம், நம் பக்கத்துக் காற்றுக்குப் பெயர் தேடி அலைந்திருக்கிறது.

தாய்மொழியில் யோசிப்பதால்தான் ஆங்கிலம் கெடுகிறது என்பது இன்னொரு குற்றச்சாட்டு. பாதி உண்மை. 'காத்து அடிக்குது' என்பதை அப்படியே 'விண்ட் இஸ் பீட்டிங்' என்று எழுதினால் நகைப்புக்கு இடம். அங்கே ஆங்கில வினை 'புளோ'. ஆனால் காற்று வாங்கப் போவதை 'டேக் தி ஏர்' என்று சொல்வது பழைய ஆங்கிலத்தில் நன்றாகவே செல்லுபடியான வழக்கு. சொல்லுக்குச் சொல் நேர் வைப்பது மறுபக்கமும் ஏமாற்றும். டிராஃப்ட் என்றால் கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியாக உள்ளே வரும் காற்று என்று அகராதி சொல்லும். குளிர்நாட்டுக்காரன் அதற்குப் பயந்து இடுக்கை அடைப்பான். கத்திரி வெயிலில் பெரம்பலூரில் அதே இடுக்கில் அதே காற்று வந்தால், பாயை அங்கே நகர்த்திப் போட்டுப் படுப்போம். அதை டிராஃப்ட் என்று எழுதும் பிள்ளைக்கு மதிப்பெண் கிடைக்கலாம், எழுதியது பொய். நம் மே மாதத்துக்கு அது பிரீஸ்.

உச்சரிப்பைப் பிடித்துக்கொண்டு கேலி செய்பவர்களுக்கு அதிக இடம் தேவையில்லை. விண்ட் என்பதை 'வைண்ட்' என்று ஒரு பிள்ளை வாசித்தால் வகுப்பே சிரிக்கிறது. சுற்றுவதைக் குறிக்கும் சொல்லுக்கும் அதே எழுத்துகள்தான். பிள்ளை குழம்பியதில் வியப்பில்லை. மேலைக்காற்றைப் பாடிய ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியே 1819இல் எழுதிய அந்தக் கவிதையின் முடிவில் இந்தச் சொல்லை 'பிஹைண்ட்' என்பதோடு இயைபாகக் கட்டியிருக்கிறார். அந்தப் பழைய ஒலி கவிதையில் அவ்வளவு காலம் தங்கியிருந்தது. இன்று 'விண்ட்' என்று திருத்திச் சொல்லிக்கொடுங்கள், போதும்.

'இந்த வித்தியாசமெல்லாம் பரீட்சைக்குத்தானே, வாழ்க்கையில் எதற்கு?' என்று கேட்பவர்களும் உண்டு. அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் இருக்கின்றன. லாரி போகும் சாலையோரத்து ஊர் ஒன்று, தூசியைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு மனு எழுதவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதில் இரண்டு சொல்லும் வேண்டும். மூச்சில் போவது ஏர். அது கெட்டிருக்கிறது என்பது ஒரு புகார், அளந்து பார்க்கக் கருவிகள் உண்டு. தூசியைக் கொண்டுவருவது விண்ட். அது எந்த மாதம் எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்பது வேறு தகவல், யாருடைய குழியிலிருந்து வருகிறது என்று கேட்க உதவுவது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதினால், காற்று அடித்தால் தூசி பறக்கத்தானே செய்யும் என்று பதில் எழுதிவிடுவது அதிகாரிக்கு மிக எளிது.