பைபாஸில் கார் நின்றுவிட்டால் சட்டம் யாரைக் காப்பாற்றும்?

டெக்னோபார்க்கில் நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிறீர்கள். கழக்கூட்டம்–காரோடு பைபாஸில் கார் பிரேக்டவுன். பின்னால் 80 கி.மீ. வேகத்தில் வரும் லாரி ஒரு நொடியில் 22 மீட்டர் தாண்டும். டிக்கியில் இருக்கும் முக்கோண ரிஃப்ளெக்டரை (அதை வெளியே எடுத்துப் பார்த்தவங்க எத்தனை பேர்?) 50 மீட்டர் பின்னால் வைத்தாலும், அதைத் தாண்டி உங்கள் காரை எட்ட லாரிக்கு இரண்டே கால் நொடி போதும். அதனால் முதலில் இடப்பக்கமாக இறங்கி, தடுப்புக்கு அந்தப் பக்கம் போயிடுங்க. 1033-க்கு அங்கிருந்தே கூப்பிடலாம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 194இ பிரிவு, ஆம்புலன்சுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் வழிவிடாதவர்களுக்கு 10,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. ஓரத்தில் நிற்கும் நீங்களோ, தார் போடும் தொழிலாளியோ அந்தக் கணக்கில் இல்லை. அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும், ஓரத்தில் விளக்கு மின்ன நிற்கும் அவசர வண்டியைக் கண்டால் லேன் மாறணும், முடியாவிட்டால் வேகத்தைக் குறைக்கணும் என்று சட்டம் உண்டு. பல மாநிலங்களில் இழுவை வண்டிக்கும் சாலைப்பணி வண்டிக்கும் அது பொருந்தும்.