மாக்குவேனியின் மணலும் மக்களும்

கிழக்கு ஆப்பிரிக்காவின் தேசப்படத்தை விரித்து, மொம்பாஸா துறைமுகத்திலிருந்து நைரோபிக்குச் செல்லும் பழைய இருப்புப் பாதையின் மேல் விரலை ஓட்டிக்கொண்டு போனால், பாதி வழி தாண்டிய பிறகு கிப்வெஸி, மாக்கிந்து, எமாலி என்று சில சிறிய ஊர்கள் தென்படும். 1896-ல் தொடங்கி 1901-ல் விக்டோரியா ஏரியை எட்டிய அந்தப் பாதையைப் போட்டவர்களில் பெரும்பாலோர் நம் தேசத்திலிருந்து, முக்கியமாகப் பஞ்சாபிலிருந்து, கப்பலேறிச் சென்ற கூலியாட்கள். மாக்கிந்துவில் 1926-ல் கட்டப்பட்ட குருத்வாராவில் வழிப்போக்கர் எந்த ஜாதியாயினும் எந்த நிறமாயினும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடலாம். இந்த ஊர்கள் எல்லாம் அடங்கிய பிரதேசத்துக்கு மாக்குவேனி என்று பெயர். 2019-ம் வருஷத்து ஜனக் கணக்கின்படி அங்கே 9,87,653 பேர் வசித்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் காம்பா என்னும் இனத்தைச் சேர்ந்த குடியானவர்கள். தலைநகரம் வோத்தே என்ற சிற்றூர்.

இத்தனை தூரத்தில் உள்ள ஒரு வறண்ட சீமையைப் பற்றி நேயர்களுக்கு இவ்வாரம் சொல்ல வந்த காரணம், அங்கே ஜில்லா நிர்வாகம் என்பதற்கு ஒரு புதுமையான பரீட்சை நடந்திருப்பதுதான். பரீட்சை என்றால் உபாத்தியாயர்களாகிய நமக்கு ஒரு ருசி உண்டு. அதிலும் பரீட்சை கொடுப்பவர் சர்க்காராகவும், விடைத்தாளைத் திருத்துபவர்கள் கிராமத்து ஜனங்களாகவும் இருந்தால் கேட்கவா வேண்டும்?

கென்யா 1963-ல் சுதந்திரம் அடைந்தது. அப்போது மாகாணங்களுக்குச் சில அதிகாரங்கள் கொடுத்திருந்தார்கள். ஒரு வருஷத்துக்குள் அவை பறிபோயின. பிறகு சுமார் ஐம்பது வருஷம் எல்லாம் நைரோபிதான். ஒரு கிணறு வெட்டுவதானாலும், ஓர் ஆஸ்பத்திரிக்கு ஓடு மாற்றுவதானாலும், நைரோபியிலிருந்து நியமிக்கப்பட்ட அதிகாரியின் மனம் இரங்க வேண்டும். வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன நாற்காலியில் உள்ளூர்க்காரர் உட்கார்ந்தாரே தவிர, நாற்காலி பார்த்த திசை மாறவில்லை. 2010-ல் ஜனங்கள் வாக்களித்து நிறைவேற்றிய புதிய அரசியல் சட்டம் நாட்டை 47 'கௌண்டி'களாகப் பிரித்தது. கௌண்டி என்பதை நாம் ஜில்லா என்றே சொல்லி வருவோம். ஒவ்வொரு ஜில்லாவுக்கும் ஜனங்களே தேர்ந்தெடுக்கும் ஒரு கவர்னர், ஒரு சட்டசபை. விவசாயம், வைத்தியம், குடிதண்ணீர், ஜில்லா ரஸ்தாக்கள், சந்தைகள், குழந்தைகளின் பாலர் வகுப்பு இவையெல்லாம் அவர்கள் பொறுப்பு. (பாலர் வகுப்புக்குமேல் பள்ளிக்கூடம் மத்திய சர்க்காரைச் சேர்ந்தது. ஐந்து வயதுக் குழந்தை ஜில்லாவின் பிரஜை, ஏழு வயதுக் குழந்தை தேசத்தின் பிரஜை என்று ஆகிறது. இந்தப் பாகப்பிரிவினையின் தர்மம் நமக்குச் சரியாகப் புலப்படவில்லை.) தேசத்தின் வருமானத்தில் நூற்றுக்குப் பதினைந்து பங்காவது ஜில்லாக்களுக்குப் போய்ச் சேரவேண்டும் என்றும் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். 2013 மார்ச்சில் முதல் தேர்தல் நடந்தது. மாக்குவேனிக்கு கவர்னராக வந்தவர் கிவுத்தா கிப்வானா. சட்டக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர்.

இனி அந்தச் சீமையின் தண்ணீரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அங்கே வருஷத்தில் இரண்டு மழைக்காலம்: மார்ச் முதல் மே வரை ஒன்று, அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் வரை மற்றொன்று. இரண்டும் பொய்க்கும் வருஷங்கள் உண்டு. மழை பெய்தால் ஆறுகள் சில நாட்கள் செந்நீராகப் பொங்கி ஓடும். பிறகு வெறும் மணல். ஆனால் அந்த மணலை வெறும் மணல் என்று சொல்வது நகரவாசியின் அறியாமை. வைகையிலும் பாலாற்றிலும் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. மணற்பருக்கைகளுக்கு இடையில் நீர் தங்குகிறது. வெயில் அதை எளிதில் உறிஞ்ச முடியாது. கொசு முட்டையிட முடியாது. மாடு இறங்கிக் கலக்க முடியாது. பெண்கள் குழி தோண்டி, ஊறி வரும் தெளிந்த நீரைக் குடங்களில் முகந்து, கழுதை முதுகில் ஏற்றிச் செல்வார்கள்.

இதையே சற்றுப் பெரிதாக்கியதுதான் மணல் அணை. வறண்ட ஓடையின் குறுக்கே, அடியில் பாறை தட்டும் இடம் பார்த்து ஒரு சுவர் எழுப்பிவிட வேண்டியது. இரண்டு மூன்று மழைக்காலங்களில் வெள்ளம் கொண்டுவரும் பருமணல் சுவரின் பின்னால் நிரம்பிவிடும். நிரம்பிய மணலின் கன அளவில் கால்பங்குக்குக் குறையாமல் தண்ணீர் நிற்கும். வண்டல் நிரம்பினால் நம் ஏரிகள் பாழ். இந்த அணையோ மணல் நிரம்பினால்தான் வேலை செய்யும்! காம்பா மக்களிடம் 'ம்வேத்யா' என்று ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் வயலில் அண்டைவீட்டார் எல்லோரும் கூடி வேலை செய்வது, மறுநாள் இன்னொருவர் வயலில். அந்த வழக்கப்படியே கூடிக் கல் சுமந்து, மணல் சலித்துக் கட்டிய அணைகள் அந்தப் பிரதேசத்தில் நிறைய இருக்கின்றன.

இப்படி ஜனங்கள் குடம் குடமாகச் சேமித்த தண்ணீரை லாரி லாரியாக ஏற்றிச் சென்றார்கள் சிலர். நைரோபி வளர்ந்துகொண்டே போகிறது. மாடிமேல் மாடி கட்ட மணல் வேண்டும். ஆற்றுப்படுகையில் இரவு முழுவதும் லாரிகள். கூலிக்கு மணல் அள்ளியவர்கள் உள்ளூர் வாலிபர்களே. லாபம் போன இடம் வேறு. சில வருஷங்களில் பல ஓடைகளில் பாறை பல்லை இளித்தது. அடுத்த மழையில் வந்த நீர் நிற்க இடமின்றி ஓடிப்போயிற்று. தண்ணீருக்கு நடக்கும் தூரம் அதிகமாயிற்று. எதிர்த்துப் பேசியவர்கள் தாக்கப்பட்டதும், சிலர் உயிரிழந்ததும் உண்டு. நைரோபியில் இருந்த சர்க்காருக்கு இது கண்ணில் படாததில் ஆச்சரியம் என்ன? அவர்கள் குடியிருந்த வீட்டுச் சுவரிலேயே அல்லவா அந்த மணல் இருந்தது!

2015-ல் மாக்குவேனி சட்டசபை மணல் பாதுகாப்புக்கென்றே ஒரு சட்டம் செய்தது. மணலுக்கு ஓர் அதிகார சபை ஏற்பட்டது. உள்ளூரில் வீடு கட்டவோ, பள்ளிக்கூடம் கட்டவோ அனுமதி பெற்று எடுக்கலாம். வியாபாரத்துக்காக ஜில்லாவைவிட்டு வெளியே கொண்டுபோவதற்குத் தடை. சட்டம் எழுதியவுடன் லாரிகள் நின்றுவிட்டன என்று யாரும் நினைக்கவேண்டாம். ஆற்றின் ஒரு கரை மாக்குவேனியாகவும் மறுகரை வேறு ஜில்லாவாகவும் இருக்கும் இடங்களில் சட்டம் பாதி ஆற்றோடு நின்றுவிடுகிறது. மணலுக்கு அந்த எல்லை தெரியாது. இருந்தாலும், அந்தப் படுகையில் ஊற்றுத் தோண்டும் பெண்ணுக்கு முறையிட ஒரு கச்சேரி உள்ளூரிலேயே ஏற்பட்டது என்பது சிறிய விஷயமல்ல.

ஆனால் நாம் முக்கியமாகச் சொல்ல நினைத்தது பணம் செலவாகும் முறையைப் பற்றி. ஜனங்களைக் கலந்துகொள்ள வேண்டும் என்பது கென்யாவின் எல்லா ஜில்லாக்களுக்கும் பொதுவான சட்டம். பல இடங்களில் இது எப்படி நடந்தது என்று ஊகிக்கலாம்: ஒரு மண்டபம், நாலு நாற்காலி, ஒரு பிரசங்கம், கையெழுத்துப் புத்தகம், சோடா. மாக்குவேனியில் வேறுவிதமாகச் செய்தார்கள். 3,000-க்கும் மேற்பட்ட கிராமங்களில் முதலில் கூட்டம். அங்கே கிராமத்தார் தங்களுக்கு முதலில் வேண்டியது என்ன என்று சொல்லவேண்டும். பிறகு சில கிராமங்கள் சேர்ந்த தொகுதியில் கூட்டம். அதன்மேல் வார்டு, அதன்மேல் தாலுகா போன்ற பிரிவு, கடைசியில் ஜில்லா. ஒவ்வொரு படியிலும் ஜனங்களே பொறுக்கிய கமிட்டிகள். ஒரு கிராமம் கேட்ட கிணற்றை இன்னொரு கிராமத்தின் பாலத்துக்காக விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தால், அந்த வாக்குவாதம் இருவர் முகத்துக்கும் எதிரில் நடக்கும்.

இதைவிட முக்கியமானது வேலை ஆரம்பித்த பிறகு நடப்பது. ஒவ்வொரு வேலைக்கும், அதனால் பயன் பெறப்போகிறவர்கள் தங்களுக்குள் ஒரு மேற்பார்வைக் கமிட்டியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கண்டிராக்டர் சரியாக வேலை செய்திருக்கிறார் என்று அந்தக் கமிட்டி கையெழுத்துப் போட்டால்தான் கஜானாவிலிருந்து பணம் கிடைக்கும். இஞ்சினீயரின் கையெழுத்து மட்டும் போதாது. சிமெண்டுக்கும் மணலுக்கும் உள்ள விகிதத்தைப் பற்றி, அந்தத் தொட்டியில் தண்ணீர் பிடிக்கப்போகும் அம்மாளுக்கு இருக்கும் சிரத்தை வேறு யாருக்கு இருக்கும்? வேலை அரைகுறையாக நின்றால் கண்டிராக்டர் அவளைத்தான் வந்து பார்க்கவேண்டும். எத்தனையோ தேசங்களில் எத்தனையோ மகாநாடுகள் கூடி, ஊழலை ஒழிக்கத் தீர்மானங்கள் நிறைவேற்றியிருக்கின்றன. அவற்றில் இந்த ஒரு கையெழுத்துக்கு இணையானதை நாம் அதிகம் கண்டதில்லை.

இந்த ஏற்பாடு எல்லோருக்கும் பிடித்திருந்தது என்று சொன்னால் அது கதை. சட்டசபை அங்கத்தினர்களுக்கும் கவர்னருக்கும் ஆரம்பமுதல் ஒத்துப்போகவில்லை. சபைக்கு எவ்வளவு பணம், கிராமத்து வேலைகளுக்கு எவ்வளவு என்பதில் தகராறு முற்றி, வரவு செலவுத் திட்டம் நிறைவேறாமல் வேலைகள் ஸ்தம்பித்தன. 2014 செப்டம்பரில் வோத்தேயில் சட்டசபைக் கட்டடத்திலேயே துப்பாக்கிகள் வெடித்துச் சிலர் காயமடைந்தார்கள். அங்கத்தினர்களின் கட்சியில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். 'வார்டுக்கு எங்களைத்தானே ஜனங்கள் தேர்ந்தெடுத்தார்கள்? கமிட்டிகளும் கூட்டங்களும் எங்கள் வேலையைச் செய்வதானால் நாங்கள் எதற்கு?' என்று கேட்டால், அது சுலபமாகத் தட்டிவிடக்கூடிய கேள்வியல்ல. ஆனால் அதற்குப் பதிலை அவர்கள் கிராமக் கூட்டத்தில் போய் உட்கார்ந்து தேடியிருக்கலாம்.

அரசியல் சட்டத்தில் இத்தகைய சங்கடத்துக்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஜில்லாவின் வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கினர் கையொப்பமிட்டு விண்ணப்பித்தால், ஒரு விசாரணைக் கமிஷன் ஏற்படுத்தி, காரணம் போதுமென்றால் செனட் சபையின் சம்மதத்துடன் ஜில்லா சர்க்காரையே கலைத்து மறுதேர்தல் வைக்கலாம். மாக்குவேனி ஜனங்கள் அப்படியே விண்ணப்பித்தார்கள். அதிசயம் என்னவென்றால், கவர்னரும் அதை வரவேற்றார். கமிஷன் ஊர் ஊராகச் சென்று சாட்சியம் கேட்டு, கலைக்கலாம் என்றே 2015-ல் சிபாரிசு செய்தது. ஜனாதிபதி உஹுரு கென்யாட்டா ஒப்பவில்லை. சண்டை போட்டவர்களே மிச்சக் காலத்தையும் சேர்ந்து ஓட்டவேண்டியதாயிற்று. குடும்பங்களில் நடப்பது போலத்தான்! 2017 தேர்தலில் கிப்வானாவை ஜனங்கள் மறுபடியும் தேர்ந்தெடுத்தார்கள்.

அவர் காலத்தில் நடந்தவற்றில் வைத்தியத் திட்டம் ஒன்று. 2016-ல் தொடங்கிய அதன்படி ஒரு குடும்பம் வருஷத்துக்கு 500 ஷில்லிங் கட்டினால், ஜில்லா ஆஸ்பத்திரிகளில் தனியாகக் கட்டணம் இல்லை. முதியவர்களுக்கு அந்தப் பணமும் வேண்டாம். 500 ஷில்லிங்கில் ஓர் ஆஸ்பத்திரி நடக்காது என்பது கணக்குப் படித்த எந்தப் பையனுக்கும் தெரியும். மிச்சத்தை ஜில்லா கஜானாதான் தாங்கவேண்டும், தாங்கியது. கலம்பா என்ற இடத்தில் மாம்பழக் கூழ் எடுக்கும் ஆலை ஒன்றும் நிறுவினார்கள். மாக்குவேனி மாம்பழத்துக்குப் பேர்போனது. பருவத்தில் எல்லாத் தோப்பும் ஒரே சமயத்தில் பழுத்தால் தரகர் சொன்னதே விலை என்பது சேலத்துக்காரர்களுக்கும் தெரியாததல்ல. பழத்தில் புழு வைக்கும் ஈயின் தொல்லையால் 2014 முதல் ஐரோப்பாவுக்கு மாம்பழம் அனுப்புவதையே கென்யா நிறுத்தி வைத்திருந்தது. அந்த ஈயை ஒரு தோப்புக்காரர் மட்டும் ஒழிக்க முடியாது; பக்கத்துத் தோப்பில் அழுகிய பழம் கிடந்தால் போதும். எனவே ஊர் சேர்ந்து பொறிவைத்து, விழுந்த பழத்தைப் புதைத்து, ஈ இல்லாத வட்டாரம் ஒன்றை மாக்குவேனியில் ஏற்படுத்தினார்கள். 2021-ல் ஏற்றுமதி மறுபடி தொடங்கியது.

ஒருவர் இரண்டு தடவைக்குமேல் கவர்னராக இருக்கலாகாது என்பது சட்டம். ஆகையால் 2022-ல் கிப்வானா விலகினார். முத்துலா கிலோன்ஸோ ஜூனியர் தேர்ந்தெடுக்கப்பட்டார். வோத்தேயில் நாற்காலி கைமாறியபோது, மலையடிவாரத்து ஓடைகளில் கட்டிய புதுச் சுவர்கள் சிலவற்றின் பின்னால் மணல் இன்னும் பாதிதான் நிரம்பியிருக்கும். மீதிக்கு இன்னும் இரண்டு மழை வேண்டும்.