முன்னோடிப் பரீட்சை தீர்ப்பன்று

க. பொ. த. உயர்தரப் பரீட்சையை எதிர்நோக்கும் மாணாக்கருக்கு முன்னோடிப் பரீட்சை நடத்துவது நம்மிடையே ஊன்றிவிட்ட நல்வழக்கமாகும். வடக்கிலே தொண்டைமானாறு வெளிக்கள நிலையம் இத்தகைய பரீட்சைப் பணியில் நெடுங்காலமாக ஈடுபட்டு வருகின்றது. பாடசாலைகளும் தனியார் கல்வி நிலையங்களும் தாமும் நடத்துகின்றன. பரீட்சைகளுக்குக் குறைவில்லை. ஆனால், பரீட்சை முடிந்தபின் நடப்பது என்ன என்பதே நாம் கேட்கும் கேள்வி.

பெரும்பாலும் நடப்பது இதுதான். புள்ளிகள் வரிசைப்படுத்தப்படுகின்றன. முதலிடம் பெற்றோர் புகழப்படுகின்றனர். பின்தங்கியவனிடம், "உனக்கு இந்தப் பிரிவு சரிவராது" என்று சொல்லப்படுகின்றது. விடைத்தாள்கள் ஒரு மூலையிற் கட்டி வைக்கப்படுகின்றன. சோதனையாக வந்தது தீர்ப்பாக முடிந்துவிடுகின்றது.

மாரி தொடங்குமுன் குளக்கட்டைச் சுற்றிப் பார்க்கும் கமக்காரன், கசிவு கண்ட இடத்தில் மண் போட்டு இறுக்குகின்றான். கட்டுப் பழுதென்று சொல்லிவிட்டு வீடு திரும்புவதில்லை. முன்னோடிப் பரீட்சையும் கசிவைக் காண்பதற்கேயன்றி வேறெதற்குமன்று.

கசிவு பலவகைப்படும். இணைந்த கணிதத்தில் இரு வினாத்தாள்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று மணித்தியாலம். முதற்பகுதியின் பத்து வினாக்களுக்கும் விடையளித்தல் வேண்டும்; இரண்டாம் பகுதியில் ஏழனுள் ஐந்தைத் தெரிதல் வேண்டும். பௌதிகவியலில் ஐம்பது பல்தேர்வு வினாக்களுக்கு இரண்டு மணித்தியாலம். அதாவது வினா ஒன்றுக்கு இரண்டரை நிமிடமும் இல்லை. இங்கே பாடம் தெரியாமையால் இழந்த புள்ளி வேறு; தெரிந்தும் வினாவைப் பிழையாக விளங்கியதால் இழந்தது வேறு; நேரம் போதாமையால் இழந்தது வேறு. முதலாவதற்கு மீண்டும் கற்பித்தலும், இரண்டாவதற்கு வினாவை நிதானமாக வாசிக்கும் பயிற்சியும், மூன்றாவதற்குக் கடிகாரத்தை முன்வைத்து எழுதும் பழக்கமுமே மருந்தாகும். மொத்தப் புள்ளியை மட்டும் பார்ப்பவருக்கு இம்மூன்றும் ஒன்றாகவே தோன்றும். ஆதலால், திருத்திய விடைத்தாள் மாணவன் கைக்குத் திரும்புதல் வேண்டும். ஆசிரியர் பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளித்திட்டத்தை வைத்து அவனுடன் அமர்ந்து ஆராய்தல் வேண்டும். பிரதான பரீட்சைக்கு மூன்று மாதங்களேனும் இருக்கும்போதே முன்னோடிப் பரீட்சை நடைபெறுதலும் வேண்டும். மழை கொட்டத் தொடங்கியபின் கட்டைப் பார்வையிட்டு என்ன பயன்?

இதிலே நாம் இத்துணை அழுத்தம் காட்டுவதற்குக் காரணமுண்டு. 1971-இல் மொழிவாரித் தரப்படுத்தலும் 1974-இல் மாவட்டப் பங்கீடும் நம் பிள்ளைகளின் பல்கலைக்கழக வாயிலில் ஏற்படுத்திய நெருக்கடியைத் தமிழ் மக்கள் மறந்துவிடவில்லை. 2001 முதல் இசட் புள்ளி முறை நடைமுறையில் உள்ளது. கலைப்பிரிவு நீங்கலான பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. தசமத்தின் பின்னுள்ள ஓரிலக்கம் ஒரு பிள்ளையின் வாழ்வைத் திசை திருப்பிவிடக்கூடும்.

மாவட்டப் பங்கீடு மாவட்டத்தைப் பார்க்கின்றதேயன்றிப் பாடசாலையைப் பார்ப்பதில்லை. ஒரே மாவட்டத்தில் ஆய்வுகூடமும் அனுபவமிக்க ஆசிரியரும் அருகிலே ரியூசன் வகுப்புகளும் வாய்க்கப்பெற்ற நகரத்துப் பிள்ளையோடு, பௌதிகவியல் ஆசிரியரைக் கண்டறியாத கிராமத்துப் பிள்ளை போட்டியிடுகின்றான். இருவருக்கும் ஒரே வெட்டுப்புள்ளி. இந்த ஏற்றத்தாழ்வை எடுத்துக்காட்டும் கண்ணாடியாக முன்னோடிப் பரீட்சை அமையலாம். ஒரு பாடசாலையின் மாணவர் அனைவரும் ஒரே பாடத்தில் ஒரே அலகில் தவறுவார்களாயின், அது பிள்ளைகளின் குற்றமாகுமா? அங்கு ஆசிரியர் இல்லை, அல்லது பாடம் முடிக்கப்படவில்லை என்பதே அதன் பொருள். வலயக் கல்வி அலுவலகங்கள் அப்பெறுபேறுகளைப் பாடவாரியாக ஆராய்ந்து, எஞ்சிய மாதங்களுக்கேனும் ஆசிரியரை அவ்விடங்களுக்கு அனுப்புதல் கடனாகும். இதனைக் கேட்பது சலுகை கோருவதன்று. 1945-இல் இந்நாடு ஏற்றுக்கொண்ட இலவசக் கல்வி என்னும் வாக்குறுதியை நிறைவேற்றுமாறு கேட்பதாகும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. முன்னோடிப் பரீட்சையிற் குறைந்த புள்ளி பெற்ற பிள்ளையை அயல்வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு மனமுடையச் செய்யாதீர்கள். வயல் வேலைக்கு ஆள் வேண்டுமென்று புத்தகத்தை மூடச் சொல்லாதீர்கள். உயர்தரப் பரீட்சைக்கு மூன்று முறை தோற்ற இடமுண்டு என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

வைத்தியர்களும் பொறியியலாளர்களும் ஆசிரியர்களுமாக உயர்ந்து நிற்கும் நம்மவருக்கோ வேறொரு கடமை உண்டு. உங்களுள் பலர் இதே கிராமத்துப் பாடசாலைகளின் வாங்குகளிலிருந்து எழுந்தவர்கள். வாரத்தில் ஒரு மாலைப்பொழுது, உங்கள் பழைய பாடசாலைக்குச் சென்று, பத்துப் பிள்ளைகளின் விடைத்தாள்களைப் பிரித்து வைத்து, எங்கே தவறினார்கள் என்று காட்டிக்கொடுங்கள். கட்டிடம் கட்டிப் பெயர்ப்பலகை பொறிப்பதிலும் அது பெரிய தொண்டு.

புள்ளிப் பட்டியலைச் சுவரிலிருந்து கழற்றுவோம். விடைத்தாளைப் பிள்ளையின் கையிற் கொடுப்போம். பரீட்சைக்கு இன்னும் நாளிருக்கின்றது.