மௌன சபையில் வாலிபர்கள்

பத்து வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்து, "அரை மணி நேரம் வாய் திறவாமல் உட்கார்ந்திரு, அப்பனே!" என்று சொல்லிப் பாருங்கள். ஐந்தாவது நிமிஷத்தில் அவனுக்குத் தாகம் எடுக்கும். பத்தாவது நிமிஷத்தில் சுவரில் ஊரும் எறும்புகளை எண்ணத் தொடங்குவான். அதற்குமேல் என்ன நடக்கும் என்பது பிள்ளைகளைப் பெற்ற நேயர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அப்படியிருக்க, மௌனத்தையே வழிபாடாகக் கொண்ட ஒரு சமயக் கூட்டத்தார் முந்நூற்றெழுபது வருஷங்களுக்கு மேலாகப் பிள்ளைகளை வளர்த்து, தங்கள் நெறியையும் காப்பாற்றி வந்திருக்கிறார்கள் என்றால், அது விசாரிக்கத் தக்க சங்கதியல்லவா?

'குவேக்கர்' என்று உலகம் வழங்கும் நண்பர்கள் சங்கத்தைத்தான் குறிப்பிடுகிறேன். குவேக்கர் என்றால் நடுங்குகிறவர் என்று பொருள். இங்கிலாந்தில் இந்த நெறியைத் தொடங்கிய ஜார்ஜ் பாக்ஸ் (1624-1691) என்பவர், கடவுளின் வாக்குக்கு நடுங்குமாறு ஒரு நீதிபதிக்கே புத்தி சொன்னார். நீதிபதி 1650-ல் பரிகாசமாகச் சூட்டிய பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. இங்கிலாந்தில் இவர்களுடைய கூட்டங்களில் குருக்கள் இல்லை, பூஜை இல்லை, பாட்டும் இல்லை. எல்லோரும் சுற்றி உட்கார்ந்து மௌனமாயிருப்பார்கள். எவர் உள்ளத்தில் ஏதேனும் எழுகிறதோ அவர் எழுந்து நாலு வார்த்தை சொல்லலாம். ஆணென்றும் பெண்ணென்றும், முதியவரென்றும் குழந்தையென்றும் இதில் பேதமில்லை. ஒவ்வொருவர் உள்ளத்திலும் தெய்வ ஒளி ஒன்று உண்டு என்பதே இவர்களுடைய ஆதாரக் கொள்கை.

கொள்கை அழகானதுதான். ஆனால் ஒரு சிற்றூரில், பன்னிரண்டு பேர் மட்டும் கூடும் கூட்டத்தைக் கற்பனை செய்து பாருங்கள். அவர்களில் பாதிப் பேர் தலை நரைத்தவர்கள். வரும் குழந்தைகள் மூன்றே பேர். ஒன்றுக்கு நாலு வயது, ஒன்றுக்கு ஒன்பது, ஒன்றுக்குப் பதினாலு. குழந்தைகள் கால் மணி நேரம் பெரியவர்களோடு மௌனத்தில் இருந்துவிட்டு, மற்ற நேரம் பக்கத்து அறையில் கதை கேட்பதும் சித்திரம் எழுதுவதுமாயிருப்பது பல கூட்டங்களில் வழக்கம். குழந்தைகளுடன் இரண்டு பெரியவர்களாவது இருக்கவேண்டும் என்பது இக்காலத்து ஏற்பாடு. ஆகவே பன்னிரண்டு பேரில் இருவர் வாரந்தோறும் தங்கள் மௌனத்தைத் தியாகம் செய்யவேண்டும். நாலு வயதுக் குழந்தைக்கு ஏற்ற கதை பதினாலு வயதுப் பிள்ளைக்குக் கசக்கும். அவனுக்கோ பக்கத்து அறையில் தோழர் இல்லை. பெரிய அறையிலும் இல்லை. அந்த வயதில்தான் பிள்ளைகள் மெள்ள நழுவுகிறார்கள். வற்புறுத்தி இழுத்து வரலாமென்றால் அதற்கும் வழியில்லை. அவரவர் ஒளியை அவரவரே காணவேண்டும் என்று போதித்துவிட்டு, "வாடா கூட்டத்திற்கு!" என்று காதைத் திருகுவது எப்படி?

இந்தச் சங்கடத்திற்குப் பரிகாரம் வேறெங்கும் தேடவேண்டியதில்லை. குவேக்கர்களின் சரித்திரத்திலேயே இருக்கிறது.

ஆதியில் இது வாலிபர்களின் இயக்கம். பாக்ஸ் ஊர் ஊராய்ப் பிரசாரம் செய்யத் தொடங்கியபோது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. ஜேம்ஸ் பார்னெல் என்ற பையன், சிறையிலிருந்த பாக்ஸைப் பார்ப்பதற்காக 1653-ல் கார்லைல் வரை நடந்தே போனான். பிறகு தானும் பிரசாரகனாகி, 1656-ல் கோல்செஸ்டர் கோட்டைச் சிறையில் பத்தொன்பது வயதில் உயிர் நீத்தான்.

அதனிலும் விசேஷமானது பிரிஸ்டல் நகரத்துச் சம்பவம். அரசாங்கத் திருச்சபைக்குப் புறம்பாக ஐந்து பேருக்குமேல் கூடி வழிபடக்கூடாது என்று 1664-ல் ஒரு சட்டம் பிறந்தது. பதினாறு வயது நிரம்பியவர்களை அந்தச் சட்டம் தண்டித்தது. 1682-ல் பிரிஸ்டலில் குவேக்கர்களான பெரியவர்களை ஏறக்குறைய ஒருவர் பாக்கியில்லாமல் சிறையில் அடைத்துவிட்டார்கள். கூட்டம் இத்தோடு ஒழிந்தது என்று அதிகாரிகள் எண்ணியிருக்கவேண்டும். ஆனால் குறித்த நாளில், குறித்த நேரத்தில் குழந்தைகள் வந்து கூடினார்கள். பெற்றோர் செய்தபடியே மௌனமாக உட்கார்ந்தார்கள். பலர் அடிபட்டார்கள். இருந்தும் கூட்டம் நிற்கவில்லை. அரை மணி நேரம் சும்மா இருக்கமாட்டாத அதே வயதுதான்! விளையாட்டுக் காட்டி யாரும் அவர்களை அங்கே அழைத்து வரவில்லை. சபை தங்கள் தலைமேல் நிற்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, வந்தார்கள்.

ஆனால் துன்பம் நீங்கிய பிறகு சங்கத்தாருக்கு வேறொரு நோய் பிடித்தது. உடையில் ஒரு விதி, பேச்சில் ஒரு விதி என்று வேலி மேல் வேலி போட்டார்கள். குவேக்கரல்லாதவரை மணந்தால் சங்கத்திலிருந்து நீக்கம்! வாலிபர்களைக் காப்பாற்றவென்று போட்ட வேலி வாலிபர்களையே வெளியே தள்ளிற்று. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஐம்பதினாயிரம் அளவில் இருந்ததாகக் கணிக்கப்படும் தொகை, 1860-ஐ ஒட்டிப் பதினாலாயிரம் அளவுக்கு இறங்கிவிட்டது. இந்தக் க்ஷீணத்துக்குக் காரணம் என்ன என்று ஆராயும் கட்டுரைக்கு நூறு கினி பரிசு அறிவிக்கப்பட்டது. பரிசு பெற்றவர் யார்க் நகரைச் சேர்ந்த ஜான் ஸ்டீபன்ஸன் ரௌண்ட்ரீ. 1859-ல் கட்டுரை வெளிவந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்துதான். கலியாண விதியே சங்கத்தை அரிக்கும் புழு என்று அந்த வாலிபர் தயங்காமல் எழுதினார். சங்கத்திற்குள் இந்த விவாதம் ஏற்கெனவே எழுந்திருந்தது. 1860-ல் விதி தளர்ந்தது. வாலிபரைப் பேசவிடுவது ஒன்று. அவர் சொன்னதைச் செய்வது மற்றொன்று. இரண்டாவதுதான் அபூர்வம்.

பிறகு 1914-ல் யுத்தம் மூண்டபோது, துப்பாக்கி பிடிக்க மாட்டோம், ஆனால் வீட்டில் பதுங்கவும் மாட்டோம் என்று குவேக்கர் வாலிபர்கள் சிலர் ஆம்புலன்ஸ் படையொன்றைத் திரட்டினார்கள். அதை முன்நின்று நடத்திய பிலிப் பேக்கருக்கு அப்போது இருபத்து நாலு வயது. இரண்டாவது உலக யுத்தத்தில் மறுபடியும் திரண்ட அந்தப் படையின் ஒரு பிரிவு 1942-ல் நமது வங்காளத்திற்கு வந்தது. மிட்னாப்பூர்ப் புயலிலும், அடுத்த வருஷத்துக் கொடும் பஞ்சத்திலும் நம் ஜனங்களுக்குப் பணி புரிந்தது. 1947-ல் சமாதானத்துக்கான நோபல் பரிசு, குவேக்கர்களின் பிரிட்டிஷ், அமெரிக்க சேவை ஸ்தாபனங்கள் இரண்டுக்கும் கிடைத்தது.

யுத்தமும் சிறையும் வந்தால்தான் வாலிபர்களுக்கு வேலை உண்டு என்று எண்ணிவிட வேண்டாம். அமைதியான காலத்து உதாரணம் ஒன்றும் இருக்கிறது. 1981-ல் டான்டன் என்ற ஊரில், ஆன் வின்-வில்ஸன் என்ற அம்மாள் குவேக்கர் குழந்தைகளுக்கு வகுப்பு நடத்திவந்தார். அதில் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் போகிற போக்கில் ஒரு யோசனை சொன்னான். அம்மாள் புன்சிரிப்புடன் தலையில் தட்டிக்கொடுத்து அத்துடன் விட்டிருக்கலாம். விடவில்லை. அந்த யோசனை வளர்ந்து, குவேக்கர் சரித்திரத்தைத் துணியில் கம்பளி நூலால் தைத்துக் காட்டும் சித்திரத் தொகுதியாயிற்று. பதினைந்து தேசங்களைச் சேர்ந்த நாலாயிரம் ஸ்திரீ புருஷர்களும் குழந்தைகளும் ஊசி பிடித்தார்கள். 1996-ல் எழுபத்தேழு சித்திரங்களும் பூர்த்தியாயின. கெண்டல் நகரத்து குவேக்கர் கூடத்தில் அவை காட்சிக்கு வைக்கப்பட்டன.

சிறிய கூட்டத்திற்கு ஒரு பலம் உண்டு. அதை அவர்களே மறந்துவிடுகிறார்கள். ஆயிரம் பேர் கூடும் சபையில் பதினாலு வயதுப் பிள்ளை எண்ணிக்கையில் சேராத ஒரு துளி. பன்னிரண்டு பேர் கூடும் சபையிலோ அவன் பன்னிரண்டில் ஒரு பங்கு. வாசலில் நின்று வருபவர்களைக் கைகுலுக்கி வரவேற்கட்டும்; உண்டியல் கணக்கை எழுதட்டும். காரியங்களைத் தீர்மானிக்கும் கூட்டத்திலும் உட்காரட்டும். குவேக்கர்கள் அங்கே வோட்டு எடுப்பதில்லை. எல்லோரும் ஒருமனப்படும் வரை காத்திருப்பார்கள். ஆகவே அவன் சொல்லையும் தள்ளிவிட்டு நடக்க முடியாது. வாலிபர்களுக்கென்று தனியே மூலையில் ஒரு பாயை விரித்துக் கொடுத்துவிட்டு, முக்கியமான காரியங்களையெல்லாம் பெரியவர்களே முடித்துக்கொள்ளும் சபையில் வாலிபன் விருந்தாளி. விருந்தாளி என்றைக்காவது ஒரு நாள் புறப்பட்டுத்தானே போவான்?

இவ்வளவு செய்தும் சிலர் போகத்தான் போவார்கள். பெற்றோர் குவேக்கர் என்பதனால் பிள்ளையும் பிறப்பிலேயே அங்கத்தினன் என்ற பழைய வழக்கத்தை, பிரிட்டனிலுள்ள குவேக்கர்கள் 1959-ல் எடுத்துவிட்டார்கள். சேர விரும்பினால் கேட்டுத்தான் சேரவேண்டும். கேளாமலே போய்விடக்கூடும் என்பது தெரிந்தும் கதவைத் திறந்து வைத்தார்கள். சிறுகச் சிறுகத் தேய்ந்துவரும் ஒரு கூட்டத்தாருக்கு அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! வாலிபர்கள் வருவதில்லையே என்று அங்கலாய்க்கும் எந்தச் சபையாரும் தங்களை ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம். அவர்கள் வந்தால் அவர்கள் கையில் கொடுப்பதற்கு நம்மிடம் என்ன வேலை இருக்கிறது? அதற்கு விடை கண்டபிறகு அவர்களை அழைக்கப் புறப்படுவது உசிதம்.