கடைசி செமஸ்டர் பிள்ளைகளும் கடைசி வரிசைத் தென்னையும்

ஏப்ரல், மே வந்தா எங்க ஊர் இன்ஜினியரிங் பிள்ளைங்க ஒவ்வொருத்தரா வீடு திரும்புவாங்க. எட்டாவது செமஸ்டர்ங்கிறது பெரும்பாலும் புராஜெக்ட்தான். அதை டவுன்ல கடையில காசு குடுத்து வாங்கிட்டு வர்றவங்களும் இருக்காங்க. ஒரு பெட்டி, நாலு ஒயர், சின்னதா ஒரு திரை, தங்க எழுத்து போட்ட அட்டையோட ரிப்போர்ட்டு, எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே விலை. வைவா முடிஞ்சதும் பெட்டி பரண் மேல ஏறிடும்.

இதைப் பார்த்துட்டு, "காலேஜே வேஸ்ட்டுங்க, யூடியூப் பார்த்தே எல்லாம் கத்துக்கலாம்"னு சொல்றவங்க இப்ப பெருகிட்டாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்லை.

எங்க கோவைப் பக்கம் சுயமா கத்துக்கிறதுன்னு பேச்சு வந்தாலே ஜி.டி. நாயுடு பேரு வந்துடும். 1893ல கலங்கல் கிராமத்துல பொறந்தவர். பள்ளிக்கூடம் ஒத்து வரலை. ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிட்டு வந்த மோட்டார் சைக்கிள் மேல ஆசைப்பட்டு, ஓட்டல்ல வேலை செஞ்சு காசு சேர்த்து, அதையே வாங்கிப் பிரிச்சு மேய்ஞ்சவர். 1920ல பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டார். 1937ல பாலசுந்தரத்தோட சேர்ந்து நம்ம நாட்டுலயே மோட்டார் செஞ்சு காட்டினார். இன்னைக்கு எங்க கிணத்துல ஓடுற மோட்டாருக்கெல்லாம் அதுதான் முன்னோடி.

இந்தக் கதையைச் சொல்றவங்க பாதியில நிறுத்திடுறாங்க. அதே நாயுடுதான் 1945ல இன்ஜினியரிங் காலேஜ் வரக் காரணமா இருந்தார். இப்ப கோவையில இருக்கிற அரசு தொழில்நுட்பக் கல்லூரி அதுதான். நாலு வருஷம் வீண், ரெண்டு வருஷம் போதும்னு அவர் வாதாடினார். ஒத்துக்கலைன்னதும் விலகிட்டார். கவனிச்சுப் பாருங்க, படிப்பே வேண்டாம்னு அவர் சொல்லலை. கையில வேலை இருந்தா படிப்பு சீக்கிரம் ஏறும்ங்கிறதுதான் அவரோட கணக்குன்னு நான் புரிஞ்சுக்கிறேன்.

அந்தக் கணக்கு சரின்னு காட்ட எங்க ஊர்லயே ஒரு உதாரணம் இருக்கு. பக்கத்துத் தோட்டத்துக்காரர் தென்னைக்குச் சொட்டுநீர் போட்டிருந்தார். கிணத்துலிருந்து ஆயிரம் அடி தள்ளி இருக்கிற கடைசி வரிசைக்குத் தண்ணியே போகலை. குரும்பை கொட்டிட்டே இருந்துச்சு. தண்ணி எட்டலைன்னா பெரிய மோட்டார் மாட்டுறதுதான் எங்க வழக்கம். அவரும் அதுக்குத்தான் கிளம்பினார். மெக்கானிக்கல் கடைசி வருஷம் படிச்ச அவரோட தங்கச்சி பையன், "ரெண்டு நாள் பொறுங்க மாமா"ன்னு சொல்லி, ஒரு பிரஷர் கேஜ் வாங்கிட்டு வந்தான். கிணத்தடியில ரெண்டு கிலோ காட்டுச்சு. கடைசியில அரை கிலோ கூட இல்லை. சொட்டுவானுக்குச் சுமாரா ஒரு கிலோ அழுத்தமாவது வேணும்.

பழைய நோட்டை எடுத்தான். மோட்டார் மேல குத்தமில்லை, மெயின் பைப்புதான் சிறுசுன்னு கண்டுபிடிச்சான். குழாயோட விட்டம் கொஞ்சம் கூடினாலே உராய்வு இழப்பு மளமளன்னு இறங்கிடுமாம். அதே அளவு தண்ணி போறப்ப, ரெண்டு இன்ச் குழாய்க்குப் பதிலா ரெண்டரை இன்ச் போட்டா, இழப்பு கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்காயிடும். அந்தச் சின்னக் குழாய்ல பெரிய மோட்டாரை வெச்சுத் தள்ளினா, தண்ணி வேகம் கூடக்கூட உராய்வும் சேர்ந்து ஏறும். மோட்டாருக்குப் போட்ட காசுல பாதி உராய்வுக்கே போயிடும்.

"இந்தச் சூத்திரத்தை எழுதித்தானுங் மாமா பாஸ் பண்ணினேன். இது நம்ம தோட்டத்துக் குழாயைப் பத்தினதுன்னு இப்பத்தான் உறைக்குது"ன்னான்.

பைப்பு மாத்தறதுக்கு முன்னாடி மூணு தடவை அளந்தான். கணக்கு தப்பினா காசு போறது மாமாவுக்கு, பட்டுப்போறது மரம். அந்தப் பயம்தான் அவனுக்குச் சொல்லிக் குடுத்துச்சு. வைவாவுல வாயால சமாளிச்சுடலாம். தண்ணிகிட்ட அந்தச் சமாளிப்பெல்லாம் செல்லாது. பைப்பு மாத்தினாங்க. கடைசி மரத்தடியும் நனைஞ்சுது.

யூடியூப் பார்த்தா மட்டும் இது வந்திருக்காது. அந்தச் சூத்திரத்தை எங்கே தேடறதுன்னு தெரிய, மூணு வருஷம் முன்னாடி யாரோ ஒரு வாத்தியார் போர்டுல எழுதிப் போட்டது வேணும். காலேஜ் மட்டும் இருந்தும் வந்திருக்காது. எங்களுக்கு மோட்டார் எப்பக் கருகும்னு தெரியும். மூணு பேஸ்ல ஒண்ணு போனா, மிச்சம் ரெண்டும் அதிகக் கரண்ட் இழுத்துக் காயிலைக் கருக்கிடும்ங்கிற காரணம் நிறைய பேருக்குத் தெரியாது. பிள்ளைங்களுக்குக் காரணம் தெரியும், கருகின வாசம் தெரியாது. ரெண்டும் ஒரே ஆளுக்குள்ள சேர்ந்தாத்தான் இன்ஜினியர்.

வசதி இப்ப நிறைய இருக்கு. ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003ல ஆரம்பிச்ச என்பிடெல் பாடங்களை யார் வேணா இலவசமாப் பார்க்கலாம். ஆனா கையில ஒரு பிரச்சினை இல்லாம அதைத் திறந்தா பத்து நிமிஷத்துல தூக்கம் வரும். கடைசி மரம் காயுதுன்னு தெரிஞ்சு திறந்தா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பார்ப்பாங்க.

எல்லாப் பிள்ளைக்கும் இதுக்கு நேரம் இருக்காது, அதுவும் தெரியும். கல்விக் கடன் கழுத்துல நிக்குது, நகை பேங்குல இருக்கு, முதல்ல வேலை வேணும். நான் கேக்குறது பதினஞ்சு நாள்தான். பரீட்சைக்கும் வேலைக்கும் நடுவுல எப்படியும் ஒரு இடைவெளி வரும். உங்க வீட்டுல அப்படி ஒரு பிள்ளை இருந்தா, சொந்த ஊருக்கு அனுப்பி வையுங்க. ஊர் இல்லைன்னா, உங்க அபார்ட்மென்ட் மோட்டார் ரூமும் போதும். ஸ்டார்ட்டரைத் திறந்து பார்க்கட்டும், பக்கத்துல எலக்ட்ரீஷியன் நிக்கட்டும், மெயினை அணைச்சுட்டு. "இது ஏன் இப்படி?"ன்னு ஒரே ஒரு கேள்விக்கு, யாருக்காவது உபயோகப்படுற மாதிரி பதில் கண்டுபிடிக்கட்டும்.

அந்த ஒரு பதிலைத் தானே தேடி எடுத்த பிள்ளைக்கு, அடுத்த கேள்விக்கு யாரும் வழி காட்ட வேண்டியதில்லைங்க.