சட்டம் இல்லையா, மனம் இல்லையா?

‘கிறிஸ்தவர்களுக்குத் தத்தெடுக்கச் சட்டம் கிடையாது’ என்னும் பேச்சை நம் பங்குகளில் இன்றும் கேட்கிறோம். பிள்ளைப்பேறு இல்லாத தம்பதியர் சொல்கிறார்கள்; அவர்களுடைய உடன்பிறந்தார் இன்னும் உரக்கச் சொல்கிறார்கள்; பழைய பாடத்தோடு நின்றுவிட்ட வழக்கறிஞர் சிலரும் தலையசைக்கிறார்கள். அறைவீட்டுக்கு வந்து இதைச் சொல்லிப் பெருமூச்செறிவோரிடம் நாம் கேட்க விரும்புவது ஒன்றே: நீங்கள் சொல்வது எந்த ஆண்டின் சட்டம்?

ஒரு காலத்தில் அது உண்மையாக இருந்தது, மறுப்பதற்கில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம் இந்துக்களுக்கும், பௌத்தர், சமணர், சீக்கியருக்கும் மட்டுமே உரியது. நமக்கு எஞ்சியது 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம். அச்சட்டப்படி நீதிமன்றத்தை நாடி ஒரு குழந்தைக்குக் காப்பாளர் ஆகலாம். தந்தையும் தாயும் ஆக முடியாது. பதினெட்டு வயது நிறைந்ததும் அந்தக் காப்புறவு முடிந்துபோகும். சொத்துரிமையும் இல்லை. 1972லும் 1980லும் நாடாளுமன்றத்தில் வந்த பொதுத் தத்து மசோதாக்கள் சட்டமாகாமலே மறைந்தன. அந்நாளில் ஒரு குழந்தையை எடுத்து வளர்த்த கத்தோலிக்கத் தம்பதியர் சட்டத்தின் துணையின்றி, அன்பை மட்டும் நம்பி வளர்த்தனர். அவர்களைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை.

ஆனால் அக்காலம் போய்விட்டது. 2000ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் சமய வேறுபாடின்றி எவரும் தத்தெடுக்க வழி திறந்தது. தத்துப்பிள்ளைக்குப் பெற்ற பிள்ளையின் எல்லா உரிமைகளும் உண்டு என்பதை 2006ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாக்கியது. எச்சமயத்தவரும் இச்சட்டப்படி தத்தெடுக்கலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உறுதி செய்தது. இப்போது நடைமுறையில் இருக்கும் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் 63ஆம் பிரிவோ, உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்து உட்பட எல்லாவற்றிலும் அக்குழந்தை தத்தெடுத்தோரின் பிள்ளையே என்று ஐயத்துக்கு இடமின்றி கூறிவிட்டது. இருபதாண்டுகளுக்கு மேலாகத் திறந்து கிடக்கும் கதவின் முன் நின்று ‘பூட்டியிருக்கிறதே’ என்று புலம்புவானேன்?

காரணம் அறியாமை மட்டுமன்று. சட்டத்தின் வழியே வருவோர் வரிசையில் நிற்க வேண்டும். மத்தியத் தத்தெடுப்பு வள ஆணையத்தில் பெயரைப் பதிய வேண்டும். வீட்டாய்வுக்கு வரும் சமூகப் பணியாளரிடம் வருமானத்தையும் உடல்நலத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சாதி பார்த்துக் குழந்தையைத் தெரிந்தெடுக்க அந்த வரிசை இடம்தராது. நம்மவர் பலருக்கு உள்ளபடியே தடையாக இருப்பது இதுதான். ‘நம்ம ஆட்களுடைய குழந்தையாகப் பார்த்துச் சொல்லுங்கள், சாமி’ என்று குரலைத் தாழ்த்திக் கேட்பவர், திருமுழுக்குத் தொட்டியருகே நின்று விசுவாச அறிக்கை சொல்லக் கூசாதவராகவும் இருக்கிறார். இதற்கு என்ன பெயரிடுவது?

ஆகவே குறுக்கு வழி தேடப்படுகிறது. ஒரு மகப்பேற்று மனை, ஓர் இடைத்தரகர், கைமாறும் பணம். பிறப்புப் பதிவிலேயே பெற்றவள் பெயர் மறைந்து, எடுத்தவள் பெயர் ஏறிவிடுகிறது. இத்தகைய வணிகத்தின் முகத்தை 2019இல் இராசிபுரத்தில் தமிழகம் கண்டது. மருத்துவமனைப் பணியிலிருந்து விலகிய ஒரு பெண், குழந்தையின் நிறத்துக்கும் பாலுக்கும் ஏற்ப விலை பேசிய ஒலிப்பதிவு நாடெங்கும் ஒலித்தது. 2021இல் மதுரையில் ஒரு காப்பகத்திலிருந்த குழந்தை கொரோனாவில் இறந்துவிட்டதாகப் போலி ஆவணம் உருவாக்கி, அக்குழந்தையை வேறிடத்தில் விற்ற செய்தி வந்தது. வாங்குவோர் இல்லாமல் விற்போர் உண்டா? வாங்கியோர் கொடியவர்களாய் இருக்க வேண்டியதில்லை. பிள்ளை ஏக்கத்தால் வாடி, செபமாலையைக் கையில் பிடித்தவர்களாகவும் இருந்திருக்கலாம். சட்டமுறையைப் பின்பற்றாமல் தத்துக்கொடுப்பதும் பெறுவதும் மூன்றாண்டுவரை சிறை, ஓர் இலட்சம் ரூபாய் தண்டம் அல்லது இரண்டும் விதிக்கத்தக்க குற்றம். குழந்தையை விலைக்கு வாங்குவதற்கு ஐந்தாண்டுவரை கடுங்காவல்.

குறுக்கு வழியின் அடுத்த படி நம் அறைவீட்டில் வந்து முடிகிறது. குழந்தைக்குத் திருமுழுக்கு வேண்டும். பதிவேட்டில் தங்கள் பெயரையே பெற்றோராக எழுத வேண்டும். பிறகு அந்தச் சான்றிதழைக் காட்டிப் பள்ளியிலும் ஊரிலும் வாழ்ந்துகொள்ளலாம். திருமுழுக்குச் சான்று தத்துப் பத்திரம் ஆகாது. நம் திருச்சபைச் சட்டமே இதில் தெளிவாக இருக்கிறது. அரசின் சட்டப்படி தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகளைத் தத்தெடுத்தோரின் பிள்ளைகளாகவே கருத வேண்டும் என்கிறது 110ஆம் எண். தத்துப்பிள்ளையின் திருமுழுக்கை எவ்வாறு பதிய வேண்டும் என்பதை 877ஆம் எண்ணின் மூன்றாம் பகுதி வகுத்திருக்கிறது: தத்தெடுத்தோர் பெயர் எழுதப்பட வேண்டும், அரசுப் பதிவேடுகளில் அவ்வாறு எழுதும் நாடுகளில், ஆயர் பேரவையின் விதிகளுக்கு உட்பட்டு, பெற்றோர் பெயரும் எழுதப்பட வேண்டும். அரசின் ஆணை இன்றித் தத்தெடுத்தவர் என்று ஒருவரை எழுத எந்தப் பங்குத்தந்தைக்கும் அதிகாரமில்லை; பெற்றவர் என்று எழுதுவது பொய்.

‘ஒரு பெயர்தானே, இதில் என்ன?’ என்பார்க்குத் திருமண ஓலையை நினைவூட்டுகிறோம். இரத்த உறவுத் தடையை ஆராயாமல் நாம் எந்தத் திருமணத்தையும் நடத்துவதில்லை. ஒரே வட்டாரத்தில் மறைவாகக் கைமாறிய குழந்தை வளர்ந்து ஆளாகும்போது, தன் உடன்பிறந்தார் யார் என்பதை அதற்கு எந்த ஏடு சொல்லும்? குழந்தைக்குத் திருமுழுக்கை மறுக்கவேண்டும் என்று நாம் வாதிடவில்லை. ஏட்டில் பொய் எழுத மறுக்கவேண்டும் என்கிறோம்.

குழந்தைக்கு வரும் கேடு இன்னும் பெரிது. வளர்த்த தந்தை உயில் எழுதாமல் இறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, வழித்தோன்றல் உண்டு எனில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, எஞ்சியது பிள்ளைக்கு. வழித்தோன்றல் இல்லை எனில் மனைவிக்குப் பாதி. மறுபாதி இறந்தவரின் இரத்த உறவினருக்கு. முதல் நன்மை விருந்தில் அப்பிள்ளைக்கு மாலையிட்ட சித்தப்பாவே, அடக்கத் திருப்பலி முடிந்த சில நாளில் வட்டாட்சியர் அலுவலகத்தில் ‘அது அண்ணனுடைய பிள்ளை இல்லை’ என்று மனுக் கொடுப்பது ஏன் என்பது இப்போது விளங்கும். அந்த மறுபாதிக்காக. தாளின்றி வந்த பிள்ளையிடம் மறுமொழி கூற என்ன இருக்கிறது? நிழற்படங்கள் இருக்கும், தத்தாணை இருக்காது.

பழைய காப்பாளர் சட்டத்தின்கீழ் வளர்ந்து இன்று பதினெட்டைக் கடந்துவிட்டவர்களுக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் கதவும் திறக்காது. அவர்களை வளர்த்தோர் உயிரோடும் தெளிவோடும் இருக்கும்போதே உயில் எழுதிப் பதிவுசெய்யட்டும். உயில் எழுதினால் சாவு வரும் என்று அஞ்சுவோரும் நம்மிடையே உண்டு. மறுவுலக வாழ்வை அறிக்கையிடும் மக்களிடம் இந்த அச்சம் விந்தைதான்.

‘சட்டவழி இழுத்தடிக்கிறதே’ என்னும் முறையீட்டில் நியாயம் இருக்கிறது. காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. ஆணை பிறப்பிக்கும் அதிகாரத்தை நீதிமன்றத்திடமிருந்து மாவட்ட ஆட்சியருக்கு மாற்றிய 2021ஆம் ஆண்டுத் திருத்தம் 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இரண்டு மாதத்துக்குள் ஆணை வரவேண்டும் என்கிறது சட்டம். வெள்ளமும் தேர்தலும் நிலப்பிணக்கும் குவிந்த மேசையில் ஒரு குழந்தையின் கோப்பு எந்த அடுக்கில் கிடக்கும் என்று கேட்பது குற்றமாகாது. தத்தெடுக்கும் நடைமுறையை நாடுகள் எளிதாக்க வேண்டும் என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் குடும்பம் குறித்த தம் ஏட்டில் கேட்டுக்கொண்டார். நாமும் கேட்போம்.

ஆயினும் எல்லாத் தாமதமும் அநீதியன்று. தன் குழந்தையை ஒப்படைத்த தாய் மனம்மாறித் திரும்பி வர இரண்டு மாதம் தருகிறது சட்டம். வறுமையாலும் அவமானத்தாலும் துரத்தப்பட்ட ஓர் ஏழைப் பெண்ணுக்கு உள்ள ஒரே உரிமை அது. குறுக்கு வழி முதலில் பறிப்பது அவளுடைய அந்த இரண்டு மாதத்தைத்தான். பிள்ளையற்ற தம்பதியரின் கண்ணீருக்காக மன்றாடும் நாம், அவளுக்காக ஒரு மன்றாட்டேனும் சொல்லியிருக்கிறோமா?

நம் குடும்பங்களில் தமக்கை பிள்ளையைத் தங்கை வளர்ப்பதும், அண்ணன் பிள்ளையைத் தம்பி ஏற்பதும் தொன்றுதொட்ட வழக்கம். இதற்கும் 2015ஆம் ஆண்டுச் சட்டம் இடம்தருகிறது. பெற்றோரின் இசைவு வேண்டும். ஐந்து வயது நிறைந்த பிள்ளையாயின் அதன் இசைவும் வேண்டும். ஆணையத்தில் பதிந்து, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் வழியே ஆட்சியரிடம் விண்ணப்பித்தால் ஆணை பெறலாம். வீட்டுக்குள் நடக்கும் காரியத்துக்குத் தாள் எதற்கு என்பார்கள். வழக்குகளும் வீட்டுக்குள்ளிருந்துதானே வருகின்றன?

இறுதியில் ‘இரத்தம்’ என்னும் வாதம் வரும். வளர்க்கலாம், படிக்கவைக்கலாம், ஆனால் குடும்பச் சொத்து இரத்தத்துக்கே போக வேண்டுமாம். மத்தேயு எழுதிய மூதாதையர் பட்டியலை இவர்கள் எப்படி வாசிக்கிறார்களோ தெரியவில்லை. ஆபிரகாமில் தொடங்கித் தாவீது வழியாக அது வந்து சேருவது யோசேப்பிடம். இரத்தத்தால் இயேசுவுக்குத் தந்தையாகாத யோசேப்பிடம். வானதூதர் அவரைத் தாவீதின் மகன் என்று அழைத்துக் குழந்தைக்குப் பெயரிடும் கடமையை ஒப்படைக்கிறார். யூத வழக்கில் பெயரிட்டவர் தந்தையாகிறார். மெசியா தாவீதின் குலத்தவர் என்று மத்தேயு காட்டுவது அந்தச் சட்ட உறவின் வழியாகத்தான். உரோமையருக்கும் கலாத்தியருக்கும் எபேசியருக்கும் எழுதும்போது நம் மீட்பைக் குறிக்கத் திருத்தூதர் பவுல் கையாண்ட கிரேக்கச் சொல்லும் தத்தெடுப்பைக் குறிக்கும் சட்டச் சொல்லே. பிள்ளைகள் என்றால் உரிமையாளரும் ஆவோம் என்பது அவருடைய வாதம். பிள்ளை என்று கொஞ்சி, உரிமை இல்லை என்று துரத்தும் தத்து அவர் அறியாதது.

திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் இச்சட்டம் கற்பிக்கப்பட வேண்டும். அன்பியக் கூட்டங்களில் பேசப்பட வேண்டும். கைவிடப்பட்ட குழந்தையைக் கோயில் முற்றத்தில் கண்டெடுத்தால் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவிப்பது கடமை என்பதை உபதேசியாரும் அறிந்திருக்க வேண்டும். தத்தாணை வந்தபின் தத்தெடுத்தோர் பெயரிட்ட பிறப்புச் சான்றிதழும் கிடைக்கும். அவ்விரு தாள்களோடு வரும் தம்பதியருக்கு, எந்த நாளிலும் எந்த வேளையிலும் நாம் ஏட்டைத் திறந்து எழுதுவோம்.