நாற்காலி நடனம் யாருக்குச் சொந்தம்?

மேடையில் நான்கு பெண்கள் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி தலைமுடியைக் கோதிவிடுகிறாள். இன்னொருத்தி கால்மேல் கால் போடுகிறாள். அடுத்தவள் தோளிலிருந்து சரிந்த சட்டையை இழுத்துவிட்டுக்கொள்கிறாள். திடீரென்று நால்வரும் ஒரே நொடியில் குனிந்து, தலையைத் திருப்பி, நிமிர்கிறார்கள். பிறகு மீண்டும் அதே அசைவுகள், இன்னும் வேகமாக!

வகுப்பறையில் அலுத்துப்போன பெண்கள் செய்கிற காரியங்கள்தான் இவை. இவற்றையே நடனமாக்கியவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆன் தெரசா டி கேர்ஸ்மாக்கர். 1983-ல் பிரஸ்ஸல்ஸ் நகரில் ‘ரோசாஸ் டான்ஸ்ட் ரோசாஸ்’ அரங்கேறியபோது அவருக்கு வயது 22. அவரோடு ஆடியவர்கள் மிஷேல் ஆன் டி மே, ஃபூமியோ இகேடா, அட்ரியானா பொரியெல்லோ ஆகிய மூவர். தொடக்கத்தில் பாட்டே கிடையாது. தரையில் புரளும் உடல்களின் சத்தமும் மூச்சும்தான். அடுத்த பகுதியில்தான் நாற்காலிகள் வருகின்றன. அதே அசைவுகளைத் திரும்பத் திரும்பச் செய்து, களைத்துப்போகும் வரை ஆடுகிறார்கள். அந்தக் களைப்பையும் அவர்கள் மறைப்பதில்லை. 1997-ல் இது படமாகவும் வந்தது. படம் பிடித்த இடம், லூவன் நகரின் பழைய பள்ளிக் கட்டடம்.

2011-ல் பிரச்னை வெடித்தது. அமெரிக்கப் பாடகி பியான்சேயின் ‘கவுன்ட்டவுன்’ வீடியோவைப் பார்த்தவர்கள் திகைத்தார்கள். அசைவு, உடை, கேமரா கோணம் என்று பலவும் கேர்ஸ்மாக்கரின் படங்களில் பார்த்தவை போலவே இருந்தன! யாரும் அவரிடம் அனுமதி கேட்கவில்லை. தனக்குக் கோபமும் இல்லை, இதைக் கௌரவமாகவும் நினைக்கவில்லை என்றார் கேர்ஸ்மாக்கர். ஆனால், எடுத்ததை மறைக்கக்கூட முயலவில்லையே என்று குத்திக்காட்டவும் தவறவில்லை. பல தூண்டுதல்களில் அதுவும் ஒன்று என்று பியான்சே தரப்பு ஒப்புக்கொண்டது.

கதை அதோடு முடிந்திருக்கலாம். இரண்டு வருடம் கழித்து, படைப்புக்கு 30 வயதானபோது, கேர்ஸ்மாக்கர் யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். நாற்காலிப் பகுதியின் அசைவுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, தன் குழுவின் நடனக் கலைஞர் சமந்தா வான் விசனோடு சேர்ந்து இணையத்தில் பாடமே நடத்தினார். ‘கற்றுக்கொள்ளுங்கள், நீங்களே ஆடி வீடியோ எடுத்து அனுப்புங்கள்’ என்று எல்லோரையும் அழைத்தார். பல நாடுகளிலிருந்து நூற்றுக்கணக்கான வீடியோக்கள் வந்து குவிந்தன. பயிற்சி பெற்றவர்கள் மட்டுமல்ல, பள்ளிப் பிள்ளைகளும் ஆடினார்கள்.

கேட்காமல் எடுத்தபோது உறுத்திய அதே அசைவுகளை, பெயர் சொல்லி ஆடுகிறவர்களுக்கு அவரே கொடுத்துவிட்டார். சம்பளமில்லாத அந்த ஆட்டக்காரர்களால் ‘ரோசாஸ்’ என்ற பெயர் நடன அரங்குக்கே போகாதவர்களின் காதிலும் விழுந்தது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் முயன்று பார்க்கலாம். தேவை ஒரு நாற்காலிதான். ஆனால், சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம். தலைமுடியைக் கோத எல்லோருக்கும் தெரியும். எண்ணிக்கை பிசகாமல் நாலு பேர் ஒன்றாகக் கோதுவதில்தான் இருக்கிறது சிரமம்!